தூள் வறுக்கிற வாசம்

யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் உயிர் வறுவலில் இருக்கிறது. கொத்தமல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் ஒரே பதத்தில் வறுபடாது. தனித்தனியாகத்தான் சட்டிக்குப் போகவேண்டும். மல்லி பொன்னிறம் தாண்டிச் சிவக்கவேண்டும். கறிவேப்பிலை கையில் எடுத்தால் நொறுங்கவேண்டும். வெந்தயம் கொஞ்சம் கருகினாலும் முழுத் தூளும் கசந்துவிடும். மிளகாய் வறுபடும்போது பக்கத்து வளவுக்காரரும் தும்முவார். ஊரில் அதை யாரும் குறையாக எடுப்பதில்லை.

ரொறன்ரோவில் கதை வேறு. ஜனவரிக் குளிரில் யன்னல் திறக்க முடியாது, திறக்காவிட்டால் புகை அலாரம் கத்தும். அடுக்குமாடி என்றால் லிஃப்ற் வரை மணக்கும். அதனால் கோடை வரும்வரை பொறுத்திருந்து, பின்வளவில் காஸ் அடுப்பை வைத்து வறுக்கிறவர்கள் உண்டு. இவ்வளவு பாடு எதற்கு? ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் வறுத்து அரைத்த தூள் தாராளமாகக் கிடைக்கிறது, நல்ல தூள்தான். ஆனாலும் நல்லூரின் 25 நாள் திருவிழாவுக்கு ஊர் போய் வருகிறவரின் பெட்டியில், பொலித்தீன் பையை மாற்றி மாற்றிச் சுற்றி, அம்மாவோ மாமியோ வறுத்த தூள் இல்லாமல் இராது. போகும்போது அதே பெட்டியில் சொக்லேற். என்னைக் கேட்டால், இந்தப் பண்டமாற்றில் லாபம் கனடாப் பக்கத்துக்குத்தான்.

இங்கே பிறந்த பிள்ளைகள் ஒடியல் கூழுக்கு முகம் சுளிப்பார்கள். ஆனால் பாஸ்தாவில் அரைக் கரண்டித் தூள் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுகிறார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ருசி மோசமில்லை.