விளக்கா? உப்பா?

"ஐயா, அங்கே நகரம் இருக்கிறதாமே!" என்றான் மாணவன்.

2015 பிப்ரவரியில், சீரிஸ் என்னும் குறுங்கோளை நெருங்கிய 'டான்' விண்கலம், 46,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படம் அது. கரிய நிலத்திலே, பள்ளம் ஒன்றின் நடுவே, இரு வெண்புள்ளிகள். கண்டனர், கதை கட்டினர்! விளக்குகளாம்! ஏற்றியவர் வேற்றுலகத்தாராம்!

வியந்தது குற்றமா? அன்று. வியப்பு, அறிவின் வாயில். வாயிலிலேயே படுத்துறங்கியதுதான் குற்றம்!

ஆய்வாளரும் முதலில் விடையறியாதுதான் நின்றனர். பனியோ, உப்போ, எரிமலையோ என ஊகித்தனர். ஆனால், ஊகத்தோடு ஓய்ந்தாரில்லை. 385 கிலோமீட்டர் உயரம் வரை கலத்தை இறக்கினர். நெருங்க நெருங்க, 'விளக்கு' பல வெண்திட்டுகளாகச் சிதறிற்று. ஒளியைப் பகுத்தாயும் கருவி உண்மையை உரைத்தது. 2016இல் உலகு அறிந்தது: அது சோடியம் கார்பனேட், நம் வீட்டுச் சலவைச் சோடா! அடியிலிருந்து உப்புநீர் மேலெழுந்தது, நீர் மறைந்தது, உப்பு எஞ்சியது. அதன்மேல் பட்டுத் திரும்பிய கதிரவன் ஒளியே அந்த 'நகர விளக்கு'!

கதை கலைந்ததே என்று கலங்குவானேன்? அப்பள்ளத்தின் கீழே, சுமார் 40 கிலோமீட்டர் ஆழத்தில், உப்புநீர்த் தேக்கம் உண்டு என்று 2020இல் ஆய்வாளர் அறிவித்தனர். உறைந்து செத்த உருண்டை என எண்ணிய உலகின் உள்ளே நீர்! எந்தக் கற்பனை நகரம் இதற்கு ஈடாகும்?

மாணவனிடம் சொன்னேன்: "தம்பி, 'இருக்கிறதாம்' என்பதை விடு. 'இருக்கிறதா?' என்று கேள்!"

ஓரெழுத்துத்தான் வேறுபாடு. மூடத்தனத்துக்கும் பகுத்தறிவுக்கும் இடையே உள்ள தொலைவும் அதுவே!