நூறாண்டு வெள்ளத்தின் கணிதம்

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சென்னைப் புறநகரான தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அதையடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கிக் கிடந்தபோது, இது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்ற பேச்சு ஜனங்களுக்கு ஆறுதலாகவே பட்டது. வந்தது வந்துவிட்டது, இனி நம் ஆயுளில் வராது என்று பலரும் பொருள் கொண்டார்கள். அந்த மயக்கத்தைத் தெளிவிப்பதே தனிநிலை நிகழ்தகவுப் பரவல்கள் நம்பகத்தன்மைப் பொறியியலுக்குச் செய்திருக்கும் தலையாய உபகாரம் என்பேன். ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பங்கு சாத்தியமுள்ள வெள்ளம், 30 ஆண்டு வீட்டுக்கடன் தீர்வதற்குள் ஒருமுறையேனும் வந்துசேர எவ்வளவு இடமுண்டு என்று ஈருறுப்புப் பரவலைக் கேட்டால், நூற்றுக்கு 26 என்று விடை வருகிறது. சென்ற ஆண்டு வந்துபோனதனால் இவ்வாண்டின் அபாயம் எள்ளளவும் குறையாது என்பதும் அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே முடிச்சூர் மறுபடியும் நீரில் நின்றது. 1837-இல் வெளியான பாய்சான் பரவலோ, ஒரே ஒரு சராசரியைப் பெற்றுக்கொண்டு, ஆண்டில் எத்தனை பழுது நேரலாம், ஸ்டோரில் எத்தனை உதிரிப்பாகம் இருக்க வேண்டும் என்பது வரை நிர்ணயித்துத் தருகிறது.

ஆயினும், ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாது என்ற அனுமானமே இக்கணக்குகளின் அஸ்திவாரம். நம் புறநகரின் நிலவமைப்போ அதற்கு நேர்விரோதமானது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீரை ஏற்கும் அடையாறு, முடிச்சூரை ஒட்டி ஓடி, திருநீர்மலைப் பக்கத்தில் செம்பரம்பாக்கத்து நீரோடு கலக்கிறது. மேலேரியின் கலங்கல் வழிந்தால் கீழேரி நிறையும். மேலேரியின் கரை உடைந்தால் கீழேரியின் கரை நிற்பது அரிது. இப்படிக் கோத்துக் கிடக்கும் கரைகளுக்குத் தனித்தனியே ஒரு பின்னம் எழுதி அவற்றைப் பெருக்குகிறவர், பெருக்கலில் தவறாமலே பெருந்தவறு செய்துவிடுகிறார். வெள்ளத்தை உள்வாங்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கச் சுருங்க, அந்த ‘நூற்றில் ஒன்று’ம் நிலையாக நிற்பதில்லை.

இதே தவறைச் சிறிய அளவில் காண, அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் அடித்தளத்தை எடுத்துக்கொள்வோம். நீரை இறைக்க அங்கே இரண்டு சப்மெர்சிபிள் மோட்டார்கள். தேவைப்படும் வேளையில் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு தடவை ஓடாமற்போகும் எனில், இரண்டும் சேர்ந்து கைவிடுவது நூற்றில் ஒரு தடவைதான் என்று காகிதம் சொல்லும். ஆனால் இரண்டுக்கும் மின்சாரம் தருவது அதே அடித்தளத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் மாட்டிய ஒரே ஸ்விட்ச்போர்டு. நீர் அதை எட்டிய கணத்தில் இரண்டு மோட்டார்களும் ஒருசேர நின்றுவிடும். 2004 டிசம்பர் 26-இல் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்பு அறைக்குள் ஆழிப்பேரலை புகுந்தபோதும், உலை பாதுகாப்பாகவே நிறுத்தப்பட்டதாயினும், பம்புகள் எத்தனை என்பதைவிட அவை எந்த மட்டத்தில் நின்றன என்பதே பிரதானமாயிற்று.

அணு உலைப் பாதுகாப்பை ஆராய்ந்த பொறியாளர்கள் 1970-களிலேயே இத்தகைய பொதுக் காரணத்துக்கென்று கணக்கில் தனிப் பங்கு ஒதுக்கத் தொடங்கினார்கள். மோட்டாரின் பழுதுகளில் பத்தில் ஒன்று இரண்டையும் சேர்த்து வீழ்த்தும் வகை என்று கொண்டாலே, கூட்டுத் தோல்வி ஏறத்தாழ 55-இல் ஒன்றாக ஏறிவிடுகிறது. வெள்ளம் புகும் நாளிலோ அந்தப் பங்கு முழுமையையே நெருங்கும். குடியிருப்போர் சங்கம் மூன்றாவது மோட்டார் வாங்கினாலும் அத்தோல்வி நூற்றில் ஒன்றுக்குக் கீழே இறங்காது; ஸ்விட்ச்போர்டை முதல் மாடிக்கு ஏற்றினால் இறங்கும்.