சால்ட் ரெயின்: லண்டன் வழியாகத் திருவையாறு

கீழப்பழுவூரில் தஞ்சாவூர் பஸ் ஏறினால் திருமானூர், கொள்ளிடம் பாலம், அடுத்து திருவையாறு. ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்படியிருந்தும் தியாகராஜரின் 'நகுமோமு'வை நான் முதன்முதலாக முழுசாக உட்கார்ந்து கேட்டது, லண்டனில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் ஆல்பத்தில்தான். சுசீலா ராமனின் 'சால்ட் ரெயின்', 2001.

சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்க தெருவில் ரேடியோவில் கச்சேரி ஆரம்பித்தால் ஸ்டேஷனை மாற்றிவிடுவோம். நமக்கானது இல்லை என்று யாரும் வந்து சொல்லவில்லை. நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம்.

சுசீலா வளர்ந்தது ஆஸ்திரேலியாவில். சின்ன வயதில் கர்நாடக சங்கீதம், பிறகு சிட்னியில் ராக் பேண்ட். 1995இல் மறுபடி பாட்டு கற்க இந்தியா வந்தார். 1997இல் இங்கிலாந்து திரும்பி கிட்டார் கலைஞர் சாம் மில்ஸுடன் சேர்ந்தார். மில்ஸ் வங்காளத்து பவன் தாஸ் பாவுலோடு 'ரியல் சுகர்' என்ற ஆல்பம் செய்தவர். 'சால்ட் ரெயின்' பிரிட்டனின் மெர்குரி விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது.

இதை 'ஃப்யூஷன்' என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் ஆல்பத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் 'நகுமோமு'. இன்னொரு பக்கம் அமெரிக்க ஃபோக் ராக் பாடகர் டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்'. முதலாவது ராமனின் சிரித்த முகத்தைக் காணாத தவிப்பு. இரண்டாவது கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளை நோக்கிய ஏக்கம். இரண்டுமே வராதவரைக் கூப்பிடும் பாட்டுகள். இரண்டையும் ஒரே கரகரத்த, தாழ்ந்த குரலில் கேட்கும்போது 'கிளாசிக்கல்', 'ஃபோக்' என்ற சுவர் கொஞ்ச நேரம் காணாமல் போகிறது.

சொல்லையும் இசையையும் தானே கட்டுபவரை நம் மரபு வாக்கேயக்காரர் என்கிறது. 'சிங்கர் சாங்ரைட்டர்' என்பதும் கிட்டத்தட்ட அதுதானே? தியாகராஜரும் தெருவில் பாடி உஞ்சவிருத்தி எடுத்தவர். சபா மேடையெல்லாம் பிறகு வந்தது.

பாட்டை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 'நகுமோமு'வின் ராகமான ஆபேரிக்குப் பழைய வழக்கம் சுத்த தைவதம். இன்று எல்லாரும் பாடுவது சதுசுருதி தைவதம். அந்த வடிவம் பரவியதில் முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடிய இசைத்தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மரபு என்று நாம் கேட்பதே ஒரு மாற்றத்தைத்தான்.

குறையும் இருக்கிறது. கிட்டார் கார்டு ராகத்துக்குக் கீழே கெட்டித் தரை போட்டுவிடுகிறது. ஒரு ஸ்வரம் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு அசைந்து வருவதற்கு இடம் சுருங்குகிறது. ஆபேரியின் உருக்கம் அந்த அசைவில்தான் இருக்கிறது. அந்த இடங்களில் பாட்டு அழகாக இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை. வலி வேண்டுமென்றால் முசிறியிடம்தான் போகணும்.

பத்து வருடம் கழித்து, 2011இல், சுசீலா 'வேல்' என்ற ஆல்பத்தில் தமிழ் முருகன் பாட்டுகளுக்கு வந்தார். காவடி எடுப்பவர்கள் பாடும் வகைப் பாட்டுகள். அது எங்க தெரு இசை. குரல் அங்கே இன்னும் கட்டவிழ்ந்து ஓடுகிறது. ஆல்பமாக 'வேல்'தான் பலமானது என்பேன்.

ஆனாலும் எனக்கு 'சால்ட் ரெயின்'தான் முக்கியம். அதைக் கேட்ட பிறகுதான் ஒருநாள் தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து பாதியிலேயே திருவையாற்றில் இறங்கி, காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி முன்னால் உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை கடந்துபோன ஊர். இறங்கணும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

'நகுமோமு'வை சுசீலா குரலில் ஒரு தடவை, முசிறி குரலில் ஒரு தடவை கேளுங்கள். எதை முதலில் கேட்டாலும் பரவாயில்லை.