அறிவிப்பாளர்களின் ஆகாயம்

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23க்குப் பிறகு, தமிழில் சுயாதீன இசை செய்யும் இளைஞர்களிடம் ஒரு பழக்கம் வேகமாகப் பரவியிருக்கிறது. கட்டுப்பாட்டு அறையின் கவுண்ட்டவுன் குரலை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அடியில் சிந்தசைசரின் நீண்ட கார்வை. எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டதும் டிரம்ஸ் இறங்குகிறது, கேட்பவருக்குப் புல்லரிக்கிறது. மலேசியாவின் உலு திராமில் எனக்குத் தெரிந்த பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள். யாரைப் பார்த்துச் செய்கிறீர்கள் என்றால் லண்டனின் பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் குழுவையும், 2015 பிப்ரவரியில் அவர்கள் வெளியிட்ட 'தி ரேஸ் ஃபார் ஸ்பேஸ்' ஆல்பத்தையும் சொல்கிறார்கள். "விண்வெளி மனித குலத்துக்கே பொது, அதில் எதற்கு அரசியல்?" என்று ஒரு வாதமும் கூடவே வருகிறது. அந்த வாதம் தவறு என்பது என் நெடுநாள் எண்ணம். அந்தத் தவறு அந்த ஆல்பத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆல்பத்தின் சிறப்புகளை மறைக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனத்தின் தயவில்லாமல், சொந்த லேபிளில் வெளியிட்டு, பிரிட்டன் பட்டியலில் 11ஆம் இடம் வரை போன ஆல்பம் அது. 2019இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி பிராம்ஸ் விழாவில், வாத்தியக் குழுவோடு மேடையேறியது. பாடகருக்குப் பதிலாகப் பழைய செய்திப் படங்களின் குரல்களை வைத்தே ஒன்பது தடங்களில் பெரும்பாலானவற்றைக் கட்டியெழுப்பும் உழைப்பு சாதாரணமானதல்ல. 'தி அதர் சைட்' என்ற தடம் ஒன்றுக்காகவே குழுவின் ஜே. வில்குஸை மதிக்கலாம். 1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலவின் பின்புறம் சென்றதும் தொடர்பு அறுந்தது. தடத்திலும் இசை மெலிந்து, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிறது. மீண்டும் குரல் கிடைக்கும் கணத்தில் சிந்தசைசரும் கிட்டாரும் பொங்கி எழும்போது நெஞ்சு விம்மாதவர் இருக்க முடியாது. 1962இல் டோர்னடோஸ் குழுவின் 'டெல்ஸ்டார்' தொடங்கி அறுபது ஆண்டுகளாக மின்னணு ஒலியை விண்வெளியோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. அந்தப் பழக்கத்தை இவர்கள் கையாளும் நுட்பத்தில் எனக்குக் குறை இல்லை.

குறை, பேசுகிறவர்கள் யார் என்பதில் இருக்கிறது. முதல் தடத்தில் கென்னடி, 1962 செப்டம்பரில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை. 'ககாரின்' தடத்தில் வீரனைப் போற்றும் அறிவிப்பாளர். 'ஃபயர் இன் தி காக்பிட்' தடத்தில் செய்தி வாசிப்பாளர். 'கோ!' தடத்தில் கட்டுப்பாட்டு அறை. தலைவர், அறிவிப்பாளர், அதிகாரி என்று ஆல்பம் முழுக்க அறிவிக்கும் உரிமை பெற்றவர்களின் குரலே கேட்கிறது. அவர்கள் சொல்லி முடித்ததும் இசை எழுந்து நின்று கைதட்டுகிறது. எந்த இடத்திலும் இசை அவர்களை மறுத்துப் பேசவில்லை, சந்தேகப்படவில்லை. பனிப்போரின் இரு தரப்பும் தத்தம் மக்களை நம்ப வைக்கத் தயாரித்த பிரச்சாரச் சுருள்கள் இவை. அரை நூற்றாண்டு கழித்து ஒரு கலைஞன் கையில் கிடைத்தபோதும் அவை பிரச்சார வேலையையே தொடர்கின்றன. அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் அரசுகளின் அரசியலை அப்படியே ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள்.

'வாலன்டினா' தடத்தை எடுத்துப் பார்ப்போம். விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலன்டினா தெரஷ்கோவா 1963 ஜூனில் பூமியை 48 முறை சுற்றி வந்தார். அதற்கு முன் அவர் யாரோஸ்லாவ் நகரில் நெசவாலைத் தொழிலாளி. அவருடைய தாயும் நெசவாலையில் வேலை பார்த்தவர். டிராக்டர் ஓட்டுநரான தந்தை போரில் இறந்துபோனார். ஆலை வேலை முடிந்த நேரத்தில் பாராசூட்டில் குதிக்கப் பழகிய பெண் விண்கலத்தில் ஏறியதைவிடப் பெரிய கதை அந்த விண்வெளிப் பந்தயத்தில் வேறென்ன இருக்கிறது? ஆல்பத்தில் அவருக்குக் கிடைத்தது ஸ்மோக் ஃபேரீஸ் பாடகிகள் இழைத்து இழைத்துப் பாடும் அவருடைய பெயர். அழகான தடம்தான். ஆனால் ஆலை அதில் இல்லை, அந்தத் தாய் இல்லை. ஆண்களுக்கு வரலாறு கிடைக்கிறது, அவருக்குத் தாலாட்டுப் போன்ற ஒரு மூடுபனி.

'கோ!' தடத்தில் ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் நிலவில் இறங்கச் சம்மதம் சொல்லச் சொல்லத் தாளம் ஏறுகிறது. அவர்கள் சம்மதம் சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், அபாய எச்சரிக்கை வந்தும் அப்போலோ 11இன் கணினி தன் வேலையைத் தொடர்ந்தது. அந்தக் கணினிக்கான நிரலைக் காந்த வளையங்களுக்குள் செம்புக் கம்பியாகக் கோத்தவர்கள், மாசசூசெட்ஸ் மாநிலம் வால்தமில் ரேதியான் ஆலையின் பெண் தொழிலாளர்கள். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். விண்வெளி உடையைத் தையல் தையலாகத் தைத்ததும் பெண்கள்தான். இரவு ஷிப்ட் முடிந்து ஆலை பஸ்ஸில் கோத்தா திங்கி சாலையில் வீடு திரும்பும் நம் பெண்களுக்கு இந்த வேலை விளக்காமலேயே புரியும். சோவியத் பக்கத்திலோ ராக்கெட்டை வடிவமைத்த கொரலேவின் பெயரையே 1966இல் அவர் இறக்கும்வரை மறைத்து வைத்தார்கள். 1960 அக்டோபரில் பைகனூரில் ராக்கெட் வெடித்துப் பல பத்துப் பேர் கருகிய செய்தி முப்பது ஆண்டுகள் அமுக்கப்பட்டது. செய்திச் சுருளில் இல்லாதது ஆல்பத்திலும் இல்லை.

காப்பகத்தில் இருப்பதைத்தானே பயன்படுத்த முடியும் என்று இங்கே ஒரு மறுப்பு வரும். அதற்குப் பதில் அதே குழுவிடமே இருக்கிறது. 2017இல் 'எவ்ரி வேலி' வந்தது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களின் எழுச்சியும் வீழ்ச்சியும் அதன் பொருள். அதற்காக எப்பு வேல் என்ற சுரங்க ஊருக்கே போய் ஒலிப்பதிவு செய்தார்கள், தொழிலாளர்களின் பேச்சைச் சேர்த்தார்கள், சுரங்க வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற பெண்களுக்கென ஒரு தடத்தையே ஒதுக்கினார்கள். நிலக்கரிக்கு உழைப்பாளியின் குரல் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு ராக்கெட்டுக்கும் அது வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? மண்ணுக்கு அடியில் இருப்பது உழைப்பு, மேலே பறப்பது கனவு என்ற பிரிவினைதான் காரணம் என்று நினைக்கிறேன். ரப்பர் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைத்த தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பிரிவினையை ஏற்கக் கூடாது.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் சன் ரா, இந்தப் பூமியில் தன் மக்களுக்கு இடமில்லை என்ற நிலையிலிருந்தே விண்வெளியை இசைத்தார். மினிமூக் சிந்தசைசரை ஆரம்ப நாட்களிலேயே கையில் எடுத்தவர்களில் அவரும் ஒருவர். கில் ஸ்காட்-ஹெரான் 1970இலேயே, நிலவுக்குப் போன பணத்தையும் தன் தெருவின் வறுமையையும் ஒரே கவிதையில் எதிரெதிரே நிறுத்தினார். விண்வெளியைப் பாடினால் அரசியல் ஒதுங்கிவிடும் என்பவர்கள் இவ்விருவரையும் கேட்க வேண்டும்.

எந்தக் குரல் மேலே போகிறது என்பது சின்ன விஷயமில்லை. 1977இல் வாயேஜர் கலங்களோடு போன தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை.

இப்போது நம் பிள்ளைகளின் கவுண்ட்டவுன் பாடல்களுக்கு வருகிறேன். அவர்கள் எடுத்தாளும் அறிவிப்புக் குரல் எந்த மண்ணிலிருந்து எழுகிறது? 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா ஒரு மீனவக் கிராமம். மரிய மதலேனாள் தேவாலயத்தையும் சுற்றியிருந்த வீடுகளையும் விட்டுக்கொடுத்து மக்கள் நகர்ந்தார்கள். இப்போது ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா யானாதிப் பழங்குடிகள் வாழ்ந்த தீவு. ஏவுதல் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. அடுத்து குலசேகரப்பட்டினத்தில் தளம் வரப்போகிறது. இத்தனை தமிழ்க் காதுகளுக்கு அருகில் நடக்கும் விஷயத்தில் கட்டுப்பாட்டு அறையின் குரல் மட்டுமே கேட்கிறது என்றால், அந்தப் பாடல் அறிவிப்புக்குப் போட்ட பின்னணி இசைதான்.

மலேசியாவிலும் கதைக்குப் பஞ்சமில்லை. 2007 அக்டோபர் 10 அன்று மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸஃபர் பைகனூரிலிருந்து கிளம்பினார். ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை மலேசியா வாங்கிய ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்த பயணம் அது. விண்ணப்பித்த 11,000க்கும் அதிகமானோரில் இறுதி நால்வராக நின்றவர்களுள் வனஜா சிவசுப்பிரமணியம் என்ற தமிழ்ப் பெண்ணும் ஒருவர். விண்வெளியின் வாசல்வரை போன அவரைப் பற்றி ஒரு பாட்டை நான் இதுவரை கேட்டதில்லை. சிந்தசைசர் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, திறமையும் இருக்கிறது, ஆனால் எடுத்துக்கொள்ளும் குரல் மட்டும் ஹூஸ்டனுடையதாகவோ பெங்களூருடையதாகவோ இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பில் 'தி ரேஸ் ஃபார் ஸ்பேஸ்' கைத்திறன் மிக்க, மனச்சாட்சி குறைந்த ஆல்பம். அதை முன்மாதிரியாகக் கொள்ளாதீர்கள். அந்தக் குழுவிடம் கற்றே ஆக வேண்டுமென்றால் 'எவ்ரி வேலி'யிடம் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஆல்பத்துக்குக் குரல் தேடும்போது காப்பகத்தைத் திறப்பதற்கு முன் ஒலிப்பதிவுக் கருவியோடு மனிதர்களிடம் போங்கள். பழவேற்காட்டுப் படகுக்காரரிடம் போங்கள், பாசிர் கூடாங் ஆலையில் ஷிப்ட் முடிந்து வரும் அக்காவிடம் போங்கள், அவர்கள் பேசி முடிக்கும்வரை சிந்தசைசரைத் தொடாதீர்கள்.