மண்டைக்குள் ஒரு குரல்

2023 ஜூலை. மதுரையில் ‘மாவீரன்’ மாலைக்காட்சி விட்டதும் பருத்திப்பால் கடையில் ஒதுங்கினேன். மேலூர் பஸ்ஸுக்குப் போகவேண்டிய இரண்டு பையன்கள் பஸ்ஸை மறந்து படத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

“மண்டையில அடிபட்டா குரல் கேக்கும், சரி மாப்ள. அவனுக்கே தெரியாததெல்லாம் அந்தக் குரலுக்கு எப்புடிடா தெரியும்?”

“விஜய் சேதுபதி குரல்ல... தெரியாமயா இருக்கும்? சிரிச்சேல்ல, விடு.”

நான் இரண்டாமவன் கட்சி. சூப்பர்மேன் ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டால் கூட வேலை பார்ப்பவளுக்கே அடையாளம் தெரியாது. 1938-லிருந்து உலகம் இதைச் சகித்துக்கொண்டிருக்கிறது. கதைக்கு ஒரு பொய் இலவசம். மடோன் அஸ்வின் அதை நன்றாகவே செலவழித்திருக்கிறார். குரல் வீரம் பேசப் பேச, பயந்தாங்கொள்ளி சிவகார்த்திகேயன் வானத்தை அண்ணாந்து பார்த்து முழிக்கும்போது தியேட்டரே குலுங்கியது.

என் புகார் வேறு. ஹீரோ சாவான் என்கிறது குரல். பிற்பாதியைத் தூக்கி நிறுத்துவதே அந்தப் பயம்தான். கடைசியில் கட்டடம் சரிந்தும் ஆள் பிழைத்துக்கொள்கிறார். இது போங்காட்டம்! பையன்கள் இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

குடிசைவாசிகளுக்குத் தந்த புது அடுக்குமாடி பொலபொலவென்று உதிர்கிறதே, அதற்கும் அவர்கள் லாஜிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? 2021 ஆகஸ்ட்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், கை வைத்தால் சுவர்ப்பூச்சு கொட்டியதை டி.வி.யில் பார்த்தவர்களாயிற்றே.

காசு கொடுக்கும்போது முதல் பையன் கேட்டான்: “ஞாயித்துக்கெழம மறுபடி வருவமாடா?”