எந்த 'இன்ட்ரஸ்ட்'?

கானாடுகாத்தான் மாளிகைகளைக் காண வருவோர், பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் கண்டு வியக்கின்றனர். இவை எந்தப் பணத்தில் வந்தன என்று வினவினால், வட்டித்தொழிலில் என்று விடை வரும். ஆங்கில நூல்களோ 'இன்ட்ரஸ்ட்' என்று எழுதும். இரண்டும் ஒன்றுதானே என்போர்க்காகவே இதனை எழுதுகிறோம்.

அந்த ஆங்கிலச் சொல் வட்டியைக் குறிக்கும். ஆர்வத்தையும் அக்கறையையும் குறிக்கும். நலனையும், சொத்திலுள்ள உரிமையையும்கூடக் குறிக்கும். வங்கிக்காரரும் அதையே சொல்கிறார். காதலனும் அதையே சொல்கிறான்! இலத்தீனில் அதன் வேர்ப்பொருள் 'இடையில் இருத்தல்'. இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குதல் பாவமென்று திருச்சபை தடுத்தது. ஆயினும், கடன் காலத்தில் திரும்பாமையால் நேர்ந்த இழப்புக்கு ஈடு பெறலாம் என்று வாயில் ஒன்று திறந்திருந்தது. அந்த ஈட்டின் பெயரே பின்னாளில் வட்டியின் பெயராயிற்று. தலைவாயிலில் தடுக்கப்பட்ட பாவம், பெயரை மாற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக நுழைந்த கதை இது.

தமிழ் வணிகர்க்கு அந்த ஒளிவு தேவைப்படவில்லை. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி, நகரத்தார் திங்கள்தோறும் வகுத்தது 'நடப்பு வட்டி'. கணக்கின் துல்லியத்தைப் பாராட்டுகிறோம். ஆனால், கணக்கேட்டின் மறுபக்கத்தில் பர்மிய உழவன் இருந்தானே! கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் விளைநிலத்தில் 6 விழுக்காடே செட்டியார் உடைமை. நெல் விலை வீழ்ந்தது, கடன் மீளவில்லை, 1937-க்குள் அது 25 விழுக்காடாயிற்று. அவர்கள் வேண்டியது நிலமன்று, பணமே என்பது உண்மை. நிலமிழந்தவனுக்கு அதனால் என்ன ஆறுதல்?

தமிழ்நாட்டில் 2003-இல் அளவுமீறிய வட்டியைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதன் ஆங்கில வாசகத்தைப் படித்துப் பாருங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் சொற்கள் மொழிபெயர்ப்பின்றி அப்படியே நிற்கின்றன! 'இன்ட்ரஸ்ட்' போதவில்லை. கடன்பட்டோர் வாய்ச்சொல்லைச் சட்டமே கடன் வாங்கிற்று.

இத்தகைய மொழிக்குரிய நம் மாணவர், "தமிழில் இன்ட்ரஸ்ட் இல்லை, சார்" என்கின்றனர். ஆர்வம் இல்லையா? அக்கறை இல்லையா? தமிழ் படித்தால் தம் நலனுக்கு உதவாது என்று அஞ்சுகின்றனரா? மூன்றும் வெவ்வேறு நோய், மருந்தும் வேறு. ஒரே சொல்லில் மூன்றையும் மூடிவிட்டால் ஆசிரியர் எதற்கு மருந்து தருவது? ஆகவே, வகுப்பில் அச்சொல் எழும்போதெல்லாம், "எந்த இன்ட்ரஸ்ட்? தமிழில் சொல்" என்கிறோம். சிலர் முகம் சுளிக்கின்றனர். ஒரு மாணவி மட்டும் சற்று எண்ணிப் பார்த்து, "அச்சம்" என்றாள்.