செருப்பு டோக்கன்

வேலூருக்கு வரும் தோழிகளை ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு அழைத்துப்போவது என் பொறுப்பாகிவிட்டது. 2007இல் குடமுழுக்கு நடந்த கோயில் அது. நட்சத்திர வடிவப் பாதையைச் சுற்றி நடந்து, தங்கத் தகடு போர்த்திய விமானத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “வேலூர் ஞாபகமா என்ன வாங்கலாம்?”

கடைகளில் பித்தளை விளக்கு, ஸ்படிக மாலை, மரப்பொம்மை, வளையல். எந்தக் கோயில் ஊரிலும் கிடைப்பவைதான். இந்த வட்டாரத்துக்கே உரியது வேண்டுமென்றால் கரிகிரி மண்பாண்டத்தைச் சொல்வேன். பட்டு வேண்டுமென்றால் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவிடுவேன். போனமுறை வந்த தோழி, இப்படி நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது, டோக்கனைக் கொடுத்துத் தன் காலணியை வாங்கி மாட்டிக்கொண்டாள். முன்பக்கம் தடித்த நூலால் சுருக்கம் வைத்துக் கையால் தைத்த தோல் காலணி. அது எங்கே தைத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தையலை எனக்குத் தெரியும். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுத் திண்ணைகளில் அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ‘நம்மூர்க் கைவினை’ என்று நான் அடுக்கிய பட்டியலில் அது இல்லை. ஏன் இல்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தொழிற்சாலையில் தோலை வெட்டி, துளையிட்டு, கட்டுக்கட்டாக ஏஜென்ட்டிடம் கொடுப்பார்கள். அவர் வீடுவீடாகப் பிரித்துக் கொடுப்பார். பெண்கள் காலணியின் மேல்பாகத்தை ஊசியால் தைத்துத் திருப்பித் தருவார்கள். அடிப்பாகம் ஒட்டுவது மறுபடியும் கம்பெனியில். நூலை இழுத்து இறுக்கும் விரலில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். அப்படியும் தோல் உரியும். கூலி ஜோடிக் கணக்கு. ஒரு ஜோடிக்குக் கிடைப்பதில் ஒரு டீ குடிக்கலாம். கூட ஒரு வடை சாப்பிட முடியாது. பெங்களூருவின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் இரண்டு அமைப்புகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் காலணிகளுக்குப் பின்னால் இந்தப் பெண்கள் இருப்பதை எழுத்தில் கொண்டுவந்தது.

எங்கள் தெருவில் இருபது வருடமாகத் தைக்கும் அக்காவிடம், “இது கைவினைதானே அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன். “இன்னா கைவினை? கம்பெனி வேலைம்மா” என்றார். கம்பெனியைக் கேட்டால், தன் வேலையாட்கள் கேட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டுமே என்று சொல்லும். வீட்டில் கேட்டால், “சும்மா இருக்கிற நேரத்துல தைக்கிறா” என்பார்கள். மூன்று இடத்திலும் அந்த வேலைக்குப் பெயர் இல்லை.

தோல் என்பதால்தான் இந்த விலக்கல் என்று முதலில் நினைத்தேன். அதில் உண்மை இருக்கிறது. கோயில் வாசலில் கழற்றி வைக்க வேண்டிய பொருள் அது. அதைத் தொடுபவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், முஸ்லிம்கள். மிருதங்கத்தின் தோல் சன்னதிவரை போகும். அதை மூட்டியவரின் பெயர் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் சாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. மகாலட்சுமி கோயில் இருக்கும் கோலாப்பூரில் செருப்புதான் ஊரின் நினைவுப்பொருள். அதற்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2025 ஜூனில் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் அதே சாயலில் செருப்பைக் காட்டியபோது, எங்கள் மரபைத் திருடிவிட்டார்கள் என்று நாடே பேசியது. ஆக, தோலும் மரபாகலாம். அதற்கு ஓர் ஊரின் பெயர் அதன்மேல் இருக்க வேண்டும். ஆம்பூர்ப் பெண் தைப்பதன்மேல் இருப்பது வேறு நாட்டு பிராண்டின் பெயர்.

அப்படியானால் ‘ஆம்பூர்த் தையல்’ என்று குறியீடு வாங்கிவிட்டால் தீர்ந்துவிடுமா? ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சரக்குகளால் பதனிடும் தென்னிந்தியத் தோலுக்கு ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் ஏற்கெனவே குறியீடு இருக்கிறது. அதனால் தைக்கும் பெண்ணின் கூலி ஒரு பைசா ஏறவில்லை. குறியீடு காப்பது பொருளின் பெயரை. செய்பவளின் கூலியைப் பற்றி அந்தச் சட்டம் பேசுவதில்லை. காஞ்சிபுரத்தைப் பாருங்கள். குறியீடும் புகழும் பெற்ற பட்டு அது. தறியில் உட்கார்ந்தவர் நெசவாளர். நூல் இழைத்து, தார் சுற்றித் தரும் மனைவியும் மகளும் ‘கூடமாட ஒத்தாசை’. புடவைக்கு ஊர்ப்பெயர் கிடைத்த பிறகும் அந்தப் பெண்களின் உழைப்பு குடும்ப உழைப்புக்குள் கரைந்துதான் கிடக்கிறது.

இங்கேதான் நினைவுப்பொருள் வாங்கும் நம் ரசனையைக் கேள்வி கேட்க வேண்டும். கடைவீதியில் சுற்றும் பெண்களை ‘ஷாப்பிங் பைத்தியம்’ என்று கேலி செய்யும் கட்டுரையை நான் எழுத மாட்டேன். அதே பொருளை வாங்கும் ஆணைக் கலை ரசிகர் என்பார்கள். பிரச்சினை வாங்குவதில் இல்லை. ‘பாரம்பரியம்’ என்ற சொல்லை நாம் எதற்குக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. பழையதாக, அழகாக, ஆண் கலைஞரின் பெயரோடு இருந்தால் அது கலை. பெண் வீட்டில் உட்கார்ந்து ஏற்றுமதிக்குச் செய்தால் வெறும் பீஸ் வேலை. இரண்டிலும் கை ஒன்றுதான், பழக்கமும் ஒன்றுதான். அக்காவிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். குரு-சிஷ்ய மரபு என்று அதை யாரும் சொன்னதில்லை.

கலை என்ற பட்டத்தை அக்காவுக்கு வாங்கிக் கொடுப்பது என் நோக்கமல்ல. பட்டம் சோறு போடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான 177ஆம் உடன்படிக்கையை 1996இல் ஏற்றது. வீட்டிலிருந்து உற்பத்தி செய்பவர்களையும் மற்றக் கூலித் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தச் சொல்லும் அதை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 2008இன் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டிலிருந்து வேலை செய்பவர் யார் என்று வரையறுத்தது. ஆனால் யாருக்காகத் தைக்கிறோம் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அக்காவிடம் இல்லை. நாள், ஜோடி எண்ணிக்கை, கூலி, கொடுத்தவர் பெயர் என நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு இருந்தால், பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக் கல்லூரிகளில் ‘நம் மாவட்டத்துக் கைவினைகள்’ என்று புராஜெக்ட் கொடுக்கிறார்கள். மாணவிகள் கரிகிரிப் பானைகளைப் படம் எடுத்து ஒட்டிக் கொடுக்கிறார்கள். அவர்களில் பலருடைய காலேஜ் ஃபீஸ் அம்மா தைத்த ஜோடிகளிலிருந்து வந்தது. அடுத்தமுறை அந்தத் தலைப்பு வந்தால் அம்மாவின் தையலை எழுதுங்கள். எத்தனை வருடம், நாளைக்கு எத்தனை ஜோடி, ஜோடிக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து.